இரும்பின் ஓசையும் எதிர்ப்பின் கோலமும்: ஹெவி மெற்றல் இசை பற்றிய ஒரு நோக்கு

எதிர்ப்பாகத் தோன்றிய கலை காலப்போக்கில் சந்தைச் சரக்காகி, ஈற்றில் அரச மரியாதை பெறுவதை வரலாற்றிற் பலமுறை காண்கின்றோம். இதனைச் சீரழிவு என ஒரு சொல்லில் ஒதுக்குவது பொருந்துமா? ஹெவி மெற்றல் இசையின் அரை நூற்றாண்டு வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய முனைகின்றோம்.

இவ்விசைக்குத் திட்டமான வடிவந் தந்த பிளாக் சபாத் குழு, 1968இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த அஸ்ற்றன் என்னுந் தொழிலாளர் பகுதியில் உருவாயிற்று. அதன் கிற்றார்க் கலைஞர் ரொனி அயோமி, உலோகத் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்கையில், 17ஆம் வயதில், வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தவர். இடக்கைக் கலைஞராகிய அவர் தந்திகளை அழுத்துவதும் அக்கையாலேயே. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கித் தாமே செய்த உறைகளை விரல்களில் மாட்டினார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் சுருதியையுந் தாழ்த்தினார். குழுவின் கனத்த ஒலிக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. எனினும், இயந்திரமே இசையைப் படைத்தது எனக் கொள்வது யாந்திரிகப் பார்வையாகும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் மரபும், வியற்நாம் யுத்தத்தின் மீதான வெறுப்பும் அதனுட் கலந்திருந்தன.

இவ்விசைக்குரியதாக இன்று கருதப்படும் கோலமோ பின்னர் வந்தது. 1970களின் பிற்பகுதியில் ஜூடாஸ் பிறீஸ்ற் குழுவின் பாடகர் றொப் ஹல்ஃபோட் கருந்தோலாடையும் உலோகக் குமிழ்களும் அணிந்து மேடையேறினார். முரட்டு ஆண்மையின் சின்னமென அக்கோலத்தை இளைஞர் பின்பற்றினர். 1998இல், தாம் தன்பாலீர்ப்பினர் என ஹல்ஃபோட் பகிரங்கமாகக் கூறியபோது, அவ்வாண்மைப் படிமமும் சமூகத்தாற் புனையப்பட்டதே என்பது தெளிவாயிற்று.

1980களில் அமெரிக்கத் தொலைக்காட்சியும் இசைத்தட்டு நிறுவனங்களும் இக்கோலத்தைப் பெருஞ்சரக்காக்கின. அதே அமெரிக்காவில், 1985இல், பாடல்வரிகளின் ஒழுக்கக்கேடு பற்றிச் செனற் சபைக் குழு விசாரணை நடத்தியது. ஒரு கையால் விற்றதை மறு கையாற் கண்டிக்கும் முரண்பாடு இது. அக்காலத்திலேயே பேர்மிங்ஹாமைச் சூழ்ந்த தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. இரும்பின் ஓசை உலகெங்கும் விலைபோக, இரும்போடு உழைத்தவர் வேலையிழந்தனர்.

கோலத்தின் பொருள் எங்கும் ஒன்றன்று. 2003இல் மொறோக்கோவின் காசபிளாங்கா நகரில், இவ்விசையை வாசித்தோரும் சுவைத்தோருமாகிய 14 பேர் மதவிரோதக் குற்றச்சாட்டின் பேரில் தண்டிக்கப்பட்டனர். அவர்களது கறுப்புச் சட்டைகளும் சான்றுகளாயின. மக்கள் எதிர்ப்பின் பின், மேன்முறையீட்டிற் பெரும்பாலோர் விடுதலையாயினர். அதே இசையைக் கொண்டு 2023இல் பேர்மிங்ஹாம் றோயல் பலே நிறுவனம் நடனம் அமைத்தது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் கொஜிரா என்னும் பிரெஞ்சுக் குழு வாசித்தது.

2025 ஜூலை 5ஆந் திகதி, பிளாக் சபாத் தன் இறுதி நிகழ்ச்சியை அஸ்ற்றனிலேயே நடத்தியது. பதினேழு நாள்களின் பின் பாடகர் ஒஸி ஒஸ்போண் காலமானார். அவரது இறுதி ஊர்வலத்தைக் காணப் பேர்மிங்ஹாம் வீதிகளில் மக்கள் திரண்டனர். அத்துயரைச் சந்தை உண்டாக்கிய மயக்கமெனத் தள்ளிவிட முடியாது. தொழிற்சாலைகளை இழந்த நகரொன்று தன் உழைப்பின் நினைவை அவ்விசையிற் பேணிவந்தது எனலாம். சரக்கான பின்னரும் ஒரு கலையில் வர்க்க அனுபவம் எஞ்சியிருத்தல் கூடும். அதனை இனங்கண்டு விளக்குவது முற்போக்கு விமரிசனத்தின் கடமை என்பதே எமது கருத்து.