முதுகிலும் கண் உள்ள ஆசிரியர்

வகுப்பறைக் கட்டுப்பாடு பற்றிய ஆய்வுக்கு அடித்தளமிட்டவர்களில் முக்கியமானவர் ஜேக்கப் கூனின். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உள்ள வேன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். பாடம் நடக்கும்போது செய்தித்தாள் படித்த மாணவர் ஒருவரை அவர் கண்டிக்க, தவறே செய்யாத மற்றவர்களும் வாயடைத்துப் போனார்கள். ஒருவருக்குச் சொன்னது ஊருக்கே சொன்னதாக ஆவது ஏன் என்ற கேள்வியில் அவருடைய ஆய்வு தொடங்கியது.

பிறகு பள்ளி வகுப்புகளை வீடியோவில் பதிவு செய்து பார்த்தார். 1970-இல் நூலாக வந்த முடிவு அவரையே வியக்க வைத்தது. குறும்பு நடந்த பின் ஆசிரியர் அதட்டினாரா, கனிவாகச் சொன்னாரா என்பதற்கும் வகுப்பின் ஒழுங்குக்கும் தொடர்பே தெரியவில்லை. நல்ல ஆசிரியரின் திறமை அதற்கு முன்பே வேலை செய்துவிடுகிறது.

இரண்டு பேர் கிசுகிசுக்கிறார்கள்; மூன்றாமவன் சிரிக்கிறான்; ஆசிரியர் திரும்பிப் பார்த்துச் சிரித்தவனைத் திட்டுகிறார். ஆளும் தவறு, நேரமும் தவறு. ஆசிரியருக்கு எதுவும் தெரியவில்லை என்பதை வகுப்பு அந்த நொடியே புரிந்துகொள்கிறது. தொடக்கத்திலேயே, தொடங்கியவரையே ஒரு பார்வையில் நிறுத்துபவருக்குக் குரல் உயர்த்தும் தேவை வராது. பாடத்தின் ஓட்டமும் அதே அளவு முக்கியம். கணக்கு நடத்தும்போது தரையில் கிடக்கும் காகிதத்துக்காகப் பாடத்தை நிறுத்தினால், முப்பது பிள்ளைகளின் கவனமும் அந்தக் காகிதத்துக்குப் போய்விடும்.

புதிய ஆசிரியர்கள் சிலர் வகுப்பின் மௌனத்துக்கும் அஞ்சுவதுண்டு. அது வீண் அச்சம். கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் கண்டறிந்தார். மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் இடையிலான நெருக்கம் வகுப்பு வாசலிலேயே தொடங்குகிறது. 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நடுநிலை வகுப்பு மாணவர்களை வாசலில் நின்று பெயர் சொல்லி வரவேற்றபோது, பாடத்தில் ஈடுபடும் நேரம் சுமார் 20 சதவீதப் புள்ளிகள் கூடியது, இடையூறுகள் குறைந்தன. புதிதாகப் பணியேற்பவர்கள் முதல் வாரத்திலேயே எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். கடைசி பெஞ்சிலிருந்து தொடங்குவது நல்லது.