கல்லாறு தாண்டியதும்

"ஏங்கண்ணு, மொதத் தடவையா?"

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயில் கிளம்பியதும் எதிர் சீட்டில் இருந்த அம்மா கேட்டார். "ரயில்ல மொதத் தடவைங்கம்மா. கார்ல நாலஞ்சு வாட்டி போயிருக்கேன்" என்றேன். அவர் கல்யாணமான புதிதில் இதே ரயிலில் போனவர். நாற்பது வருஷம் ஆகிவிட்டதாம். "குகை வந்தா எல்லாரும் கத்துவாங்க, பாருங்க. அன்னைக்கு நான் பயந்துபோய் அவரு கையைப் புடிச்சுக்கிட்டேன். ஹில்குரோவ்ல எறங்கி டீ குடிச்சோம். ஒரு கொரங்கு வந்து என்ர பன்னைப் புடுங்கிட்டுப் போயிருச்சு."

அந்தக் குரங்கு எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது. நான் போன வருடம் காரில் போனதை யோசித்துப் பார்த்தேன். போன் சொன்ன பக்கமெல்லாம் திரும்பினோம், ஓட்டல் வாசலில் இறங்கினோம். நடுவிலிருந்த இரண்டு மணி நேரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ரயில் கல்லாறு நிலையத்தில் நின்று கிளம்பியது. பாக்குத் தோப்புகள் பின்னால் போக, அடியில் கடகடவென்று ஒரு புதுச் சத்தம். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரட்டை இரும்புப் பட்டைகள் அங்கேதான் தொடங்குகின்றன. இன்ஜினின் பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. இரு பட்டைகளிலும் பற்கள் நேருக்கு நேராக இல்லாமல் மாறி மாறி அமைந்திருப்பதால், எந்த நொடியிலும் பிடி விடுவதில்லை. ஏறும்போது இன்ஜின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால் முன்னே வழி பார்ப்பவர் முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்தான். 12 அடி போனால் ஓர் அடி உயரம் என்கிற அளவுக்கு ஏற்றம். 46 கிலோமீட்டர் போக ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. அதற்குள் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். குன்னூர்வரை 1899-லும் ஊட்டிவரை 1908-லும் ஓடத் தொடங்கிய பாதை இது.

அந்த அம்மாவின் நினைவுக்கும் இந்த வளைவுகளுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. இரண்டு காதுகளுக்கும் உள்ளே, மூளையின் ஆழத்தில், கடல்குதிரை வடிவில் ஒரு சிறு பகுதி உண்டு. ஹிப்போகாம்பஸ் என்ற கிரேக்கப் பெயருக்குப் பொருளே கடல்குதிரைதான். 1971-ல் லண்டனில் ஜான் ஓகீஃப் ஓர் எலியின் ஹிப்போகாம்பஸில் மெல்லிய மின்கம்பியைச் செருகி, அதை நடமாட விட்டார். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் ஒரு செல் படபடவென்று துடித்தது. வேறு மூலைக்குப் போனால் அது அடங்கி, வேறொரு செல் துடித்தது. இடத்துக்கு ஒரு செல்! 2005-ல் நார்வேயின் மோசர் தம்பதியினர், பக்கத்துப் பகுதி ஒன்றில் தேன்கூட்டுக் கட்டங்களைப் போலத் தரையை அளந்துகொண்டே போகும் செல்களைக் கண்டார்கள். மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

என்னை அதிகம் அசத்தியது வேறு. பகலில் எலி ஓடியபோது சேர்ந்து துடித்த செல்கள், அது தூங்கும்போதும் சேர்ந்து துடித்தன. போன வழியை மூளை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. பயணம் போய்வந்த இரவில் கண்ணை மூடினால் இன்னும் ரயிலில் ஆடுகிற மாதிரி இருக்கிறதே, அதற்கு இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எனக்கு அப்போதெல்லாம் இந்த எலிகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

இந்த ஹிப்போகாம்பஸ்தான் நடந்தவற்றையும் நினைவில் கோக்கிறது. எங்கே என்பதும் என்ன நடந்தது என்பதும் அங்கே பின்னிக் கிடக்கின்றன. ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லைகளில் அது குறிப்பாக விழித்துக்கொள்கிறது. வெயில், குகை இருட்டு, கூச்சல், மறுபடி வெயில், கீழே பள்ளத்தாக்கு என்று இந்த ரயில் பாதை முழுக்க எல்லைகள்தான். காற்றுகூட மாறுகிறது. ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏறுவதால் ஊட்டியில் கீழே இருப்பதைவிடச் சுமார் 12 டிகிரி குளிர். காரிலும் வளைவுகள் இருந்தன. என் கண் போன் திரையில் இருந்தது, அவ்வளவுதான்.

2017-ல் லண்டன் ஆய்வாளர்கள் 24 பேரை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, அந்நகரின் சோஹோ பகுதித் தெருக்களின் படத்தில் வழி தேடச் சொன்னார்கள். தாமாக வழி தேடியபோது, புதிய தெருவில் நுழையும்போதெல்லாம் ஹிப்போகாம்பஸ் சுறுசுறுப்பானது. அங்கிருந்து கிளைகள் அதிகம் பிரிந்தால் சுறுசுறுப்பும் கூடியது. வழிகாட்டிக் கருவி சொன்னபடி போனபோது அந்த ஏற்றமே இல்லை. 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து உரிமம் வாங்கும் லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களுக்கு ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்ததை 2000-லேயே கண்டிருந்தார்கள்.

ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நின்றது. நாங்கள் டீ குடித்தோம். குரங்கு வந்தது. அம்மா இந்த முறை பன்னைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஊட்டியில் இறங்கியதும் போனைப் பைக்குள் போட்டேன். மார்க்கெட்டுக்கு வழி கேட்டேன். ஒருவர் மேலே போகச் சொன்னார், இன்னொருவர் கீழே என்றார். இரண்டு சந்து தவறிப் போனேன். மூன்றாவதில் வர்க்கி சுடும் வாசனை வந்தது. பச்சைக் கதவு, பக்கத்தில் தையல் கடை, எதிரே படிக்கட்டு. அந்த பேக்கரிக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் இன்றைக்கும் போய்விடுவேன்.