சங்கத்துக் கணினியும் வங்கிக் கணினியும் பேசிக்கொள்வது எப்படி?

தமிழகத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைத் தவணைத் தேதிக்குள் கட்டினால் வட்டி கிடையாது. தேதி தவறினால் அந்தச் சலுகை கைநழுவிவிடும். அதனால், கட்டிய பணம் எந்தத் தேதியில் கணக்கில் ஏறியது என்பது விவசாயிக்குப் பெரிய கேள்வி.

பல சங்கங்களில் கணினி வந்த பிறகும், கணக்கு அந்த ஒரு பெட்டிக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒவ்வொரு மென்பொருள். பெட்டி பழுதானால், நகல் எடுத்து வைக்காத கணக்கும் போய்விடும். இதை மாற்றத்தான், 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் 2,516 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான மென்பொருள். மாவட்ட, மாநிலக் கூட்டுறவு வங்கிகள் வழியாக நபார்டுடன் இணைப்பு என்பதே இதன் நோக்கம்.

கிடங்குச் சாவி யாரிடம்?

கணக்குகள் இருக்கும் தரவுத்தளத்தை ஒரு கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் வருகிறவர்களை எல்லாம் நேரே கிடங்குக்குள் விட்டால், திருடனும் சேர்ந்தே நுழைவான். அதனால் முன்னால் ஒரு கவுன்டர் வைக்கிறார்கள். சங்கத்துக் கணினி, 'இந்த எண்ணில் இவ்வளவு ரூபாய் வரவு' என்று ஒரு சீட்டை அங்கே நீட்டும். கவுன்டரில் இருக்கும் நிரல் ஆளைச் சரிபார்த்து, கிடங்கில் பதிந்து, பதில் சீட்டு தரும். கிடங்குச் சாவி வெளியே போவதே இல்லை.

இந்தச் சீட்டுகள் போய்வரும் பாதைக்கு 'எச்.டி.டி.பி.எஸ்' என்று பெயர். செல்போனில் இணையதளம் திறப்பதும் இதே பாதையில்தான். வழியில் யாரும் படிக்க முடியாதபடி செய்தி பூட்டப்பட்டே போகும். பாதை பொது என்பதால், இரு முனையிலும் வெவ்வேறு மென்பொருள் இருந்தாலும் பேசிக்கொள்ள முடியும்.

நடுவில் இணைப்பு அறுந்தால்?

சீட்டு போய்ச் சேர்ந்து, பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துபோகலாம். மறுபடி அனுப்பினால் இரண்டு முறை வரவாகிவிடுமே? அதற்காகத்தான் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண். ஒழுங்காக அமைத்த மென்பொருள், அதே எண் மீண்டும் வந்தால் 'ஏற்கெனவே பதிந்தாயிற்று' என்று மட்டும் பதில் சொல்லும்.

விவசாயி செய்ய வேண்டியவை

* பணம் கட்டியதும் தேதி, தொகை, பரிவர்த்தனை எண் உள்ள ரசீதைக் கேட்டு வாங்கவும்.
* 'சர்வர் இல்லை' என்றால், கையெழுத்தும் முத்திரையும் உள்ள கை ரசீது பெறவும். இணைப்பு வந்த பிறகு அதே தேதியில் ஏறியதா என்று பார்க்கவும்.
* கடைசி நாள் வரை காத்திருக்காமல், நான்கைந்து நாள் முன்னதாகவே கட்டிவிடுவது நல்லது.
* ஓ.டி.பி எண்ணைப் போனில் யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

கணினி எவ்வளவு வேகமாக வந்தாலும், கையில் இருக்கும் ரசீதுதான் விவசாயிக்குச் சாட்சி.