மருந்தும் அறிவுரையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனி மாவட்டத்தில் அமைந்துள்ளது போடிநாயக்கனூர். ஏலக்காய் வாணிகத்தால் பெயர்பெற்ற ஊர் அது. அதற்கு மேற்கே, முந்தல் என்னும் இடத்திலிருந்து மேலேறும் மலைச்சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகின்றது. அதற்கப்பால் கேரள மாநிலத்து ஏலத்தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. காயெடுக்கும் பருவத்தில் அடிவாரத்து ஊர்களைச் சேர்ந்த தொழிலாளர் பலர், பொழுது புலருமுன்னரே தூக்குச்சட்டியுடன் ஜீப்பில் ஏறி மலைக்குச் செல்வர், அந்திப்பொழுதில் திரும்புவர். ஏலக்காய், செடியின் அடியில் தரையையொட்டிக் காய்ப்பது. ஆதலின் நாள் முழுதும் குனிந்தும் குந்தியும் அதனைப் பறித்தல் வேண்டும்.

இத்தகைய உழைப்பாளரையும் இரத்த அழுத்தம், நீரிழிவு முதலிய நெடுநாள் நோய்கள் விட்டுவைப்பதில்லை. இந்நோய்கள் மாத்திரையால் மட்டும் அடங்குவன அல்ல. உண்ணும் உணவு, உறங்கும் நேரம், புகையிலை, மது ஆகியவற்றோடும் தொடர்புடையன. எனவே, மருத்துவர் நோயாளியின் அன்றாடப் பழக்கங்களைப் பற்றியும் பேச வேண்டியவர் ஆகின்றார். அப்பேச்சை நோயாளர் விரும்புகின்றனரா, வெறுக்கின்றனரா என்பது ஆராயத்தக்கது.

மருத்துவர் பழக்கங்களைப் பற்றிப் பேசுதல் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. நாட்டு வைத்தியர் மருந்தோடு பத்தியமும் கூறுவார். நோயாளியும், “எதைத் தின்னலாம்? எதைத் தள்ள வேண்டும்?” என்று தாமே கேட்பார். திருவள்ளுவரும் ‘மருந்து’ என்னும் அதிகாரத்துப் பத்துக் குறட்பாக்களில் பெரும்பகுதியை உணவின் அளவைப் பற்றியே அமைத்தார். இறுதிக் குறளில் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணுமிடத்து, நோயாளியையே முதற்கண் வைத்தார். அவ்வைப்பு முறையின் பொருத்தத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

ஏலத்தோட்டத்தில் காயெடுக்கும் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், தலைச்சுற்றலுடன் மருத்துவரிடம் வருகின்றார் எனக் கொள்க. இரத்த அழுத்தம் மிகுந்துள்ளது. மருத்துவர் தலை நிமிராமலே, “உப்பைக் குறையுங்கள், பழம் சாப்பிடுங்கள், தினமும் அரைமணி நேரம் நடந்து பழகுங்கள், புகையிலையை இன்றோடு விடுங்கள்” என்று அடுக்குகின்றார். அம்மையார், “சரி ஐயா” என்று தலையசைத்து வெளியேறுகின்றார். ஆனால், அவர் உள்ளம் வேறு கூறும்: ‘நாளெல்லாம் மலைச்சரிவில் ஏறி இறங்குகிறவளையா நடக்கச் சொல்கிறார்? பழம் வாங்கக் கூலியில் எங்கே மிஞ்சுகிறது?’ வரிசையில் நின்ற ஊரார் செவியிற்படப் புகையிலையைப் பற்றிப் பேசியது வேறு அவரை நாணச் செய்திருக்கும். மறுமுறை கேட்டால் புகையிலையை மறைப்பார். அன்றி, வருவதையே நிறுத்திவிடுவார். மாத்திரையும் நின்றுபோகும். அடங்காத இரத்த அழுத்தம் ஒருநாள் பக்கவாதமாக வெளிப்படலாம். அக்குடும்பத்தின் உழைக்கும் கை அன்றே செயலற்றுவிடும்.

அறிவுரையில் பிழையொன்றுமில்லை, அது கூறப்பட்ட முறையிலேயே பிழை இருந்தது. மற்றொரு மருத்துவர் அதே அம்மையாரைத் தம் பக்கத்தில் அமர்த்தி, குரலைத் தாழ்த்தி, “அம்மா, விடியற்காலையில் எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்கள்? தூக்குச்சட்டியில் என்ன கொண்டுபோகிறீர்கள்?” என்று வினவுகின்றார்.

“நான்கு மணிக்கு எழுந்திருப்பேன் ஐயா. பழைய சோறும் ஊறுகாயும்தான். சில நாள் கருவாடு.”

“தலைச்சுற்றலுக்குக் காரணம் இரத்த அழுத்தம், அதை ஏற்றிவிடுவது உப்பு. ஊறுகாயிலும் கருவாட்டிலும் உப்பு மிகுதி. இவற்றில் எதைக் குறைக்க உங்களால் முடியும்?”

அம்மையார் சற்றே எண்ணிப் பார்த்து, “ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்கிறேன், கருவாடு ஞாயிற்றுக்கிழமை மட்டும்” என்கின்றார். அடுத்து, “புகையிலை குளிருக்கும் பசிக்கும் போட்டுப் பழகியது ஐயா” என்று தாமே கூறிவிடுகின்றார். அதனால் வாய்ப்புற்று நோய் வரக்கூடும் என்பதைச் சொல்லி, பசிக்கும் வேளைக்கு உப்பிடாத நிலக்கடலையை முடிந்துகொண்டு போகலாம் என்று மருத்துவர் வழிகாட்டுகின்றார். இங்கே முடிவு செய்தவர் நோயாளி. துணை நின்றவர் மருத்துவர். தாம் எடுத்த முடிவாதலின், அதனைக் கைவிட அம்மையாருக்கு எளிதில் மனம் வாராது.

இவ்வுண்மை எல்லா நாட்டுக்கும் பொதுவானது. வேல்சு நாட்டில் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த தாய்மாரிடம் இது குறித்து வினவிய ஸ்டாட், பில் என்னும் இரு அறிஞர்கள், தம் முடிவுகளை 1990-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ‘அறிவுரை வேண்டும்; ஆணை வேண்டா’ என்பதே அவ்வாய்வுரைத் தலைப்பின் கருத்து. தம் நோயோடு தொடர்புபடுத்தி மருத்துவர் பழக்கங்களைப் பற்றிப் பேசுவதை அத்தாய்மார் ஏற்றனர். ஏற்பதும் தள்ளுவதும் தம் உரிமையாய் இருத்தல் வேண்டும் என்றும் கருதினர்.

இதனைக் கொண்டு, மருத்துவர் வாளாவிருத்தலே நன்று என எண்ணுதல் தவறு. மருத்துவரே ஒன்றும் சொல்லவில்லையெனின், தம் பழக்கத்தில் தீங்கில்லை என்று நோயாளி கருதிவிடக்கூடும். இலண்டனில் 28 குடும்ப மருத்துவர்களிடம் வந்த 2,138 புகைபிடிப்போரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 1979-இல் வெளிவந்தது. ஒன்றிரண்டு நிமிடம் அறிவுரை கூறி, துண்டறிக்கை தந்து, பின்னரும் விசாரிப்போம் என்று சொல்லப்பட்டவருள் நூற்றுக்கு 5.1 பேர் ஓராண்டு கடந்தும் புகையாதிருந்தனர். ஒன்றும் சொல்லப்படாதவருள் அத்தொகை 0.3 மட்டுமே. நூற்றுக்கு ஐவர் என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். எனினும், ஊர்தோறும் உள்ள மருத்துவர் அனைவரும் அச்சில நிமிடங்களைச் செலவிடுவாராயின், பிழைக்கும் உயிர்கள் பலவாகும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டு சேர்ப்பது அதன் பணிகளுள் ஒன்று. நோயாளியின் வாயிற்படி வரை செல்வோர், அவர்தம் அடுப்படியையும் உழைப்பையும் நேரிற் காண்கின்றனர். கண்டு கூறும் அறிவுரைக்கு வலிமை மிகுதி.

உலகச் சுகாதார நிறுவனம், வளர்ந்தோர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணல் வேண்டும் என்கின்றது. அவ்வளவைச் சொல்லுதல் எளிது. அதனை ஒரு தூக்குச்சட்டிக்குள் பொருத்திக் காட்டுவதே மருத்துவரின் திறமை. நோயாளிக்கும் ஒரு கடமை உண்டு. தம் பழக்கங்களை ஒளியாது உரைத்தலும், இயலாததை இயலாது என்று வெளிப்படையாகச் சொல்லுதலும் அவருக்கு உரியன. கேட்டறிந்து கூறும் மருத்துவரும், மறையாது உரைக்கும் நோயாளியும் ஒன்றுகூடிய இடத்திலேதான் மருந்து தன் முழுப்பயனைத் தரும்.