முகம் உப்புகிறதா? மாதவிலக்கு நின்றதா?
நுரையீரல் கட்டியும் சிறுதுளை ஆபரேஷனும்



"நல்லா இருந்த பொண்ணு, முகம் நிலா மாதிரி உப்பிப் போச்சு. கை கால் குச்சியாப் போச்சு. தூரமும் நின்னு போச்சு, வயித்துல குழந்தையும் இல்ல." இப்படி ஒரு வீட்டில் நேர்ந்தால் செய்வினை என்பார் சிலர், மலடி என்று ஏசுவார் சிலர். இரண்டும் தவறு. இது உடல் நோய்.

காரணம் என்ன?

சிறுநீரகங்களின் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. இது அளவு மீறினால் இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, வயிற்றில் செந்நிறக் கோடுகள், பெண்களுக்கு முகத்தில் ரோமம் ஆகியவை தோன்றலாம். ஆண்களுக்கும் வரும். 1932-ல் இதை விரிவாக எழுதிய அமெரிக்க டாக்டர் ஹார்வி குஷிங்கின் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது.

ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் சாப்பிடுவதே பெரும்பாலும் காரணம். ஆகவே கடையில் வாங்கிய மாத்திரை, போட்டுக்கொண்ட ஊசி எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். வெகு சிலருக்கு நுரையீரலில் 'கார்சினாய்டு' என்ற கட்டி இருந்து, அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோனை ஓயாமல் சுரக்கும். இது பெரும்பாலும் மெதுவாக வளரும் புற்று. பீடி, சிகரெட் தொடாதவர்க்கும் வரும். கட்டி புளியங்கொட்டை அளவே இருக்கலாம். எக்ஸ்ரேயில் தப்பினாலும் ஸ்கேனில் தெரியக்கூடும்.

ஆபரேஷன் எப்படி?

முன்பு மார்பை நீளமாக வெட்டி, விலா எலும்புகளை அகட்டுவார்கள். 1990-களிலிருந்து சிறுதுளை முறை பரவியது. மயக்க மருந்து கொடுத்து, ஒரு நுரையீரலால் மட்டும் சுவாசிக்கச் செய்வார்கள். விலா எலும்புகளின் நடுவே சில சிறு துளைகள் இட்டு, கேமராவில் பார்த்தபடி கட்டியுள்ள பகுதியையும் அருகிலுள்ள நெறிகளையும் எடுப்பார்கள். வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். பெரிய மூச்சுக்குழாயை ஒட்டிய கட்டிக்குத் திறந்த ஆபரேஷன் தேவைப்படலாம்.

பிறகு கவனிக்க வேண்டியவை

• கட்டி போனதும் அட்ரீனல் சில மாதங்கள் தூங்கிக் கிடக்கும். அதுவரை ஈடுசெய்ய டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை தருவார். "உடம்பு தேறிப் போச்சு"ன்னு நீங்களாக நிறுத்தாதீர்கள், உயிருக்கே ஆபத்து.
• வாந்தி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
• மாதவிலக்கு திரும்பலாம், கருவும் தரிக்கலாம். டாக்டர் சம்மதிக்கும் வரை, ஏற்ற கருத்தடை முறையை அவரிடமே கேட்டுக் கைக்கொள்ளுங்கள்.
• சொன்ன தேதியில் பரிசோதனைக்குச் செல்லுங்கள்.

கணவன்மார்களே! மனைவியைக் குறை கூறாமல், அவரோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களும் புறப்படுங்கள்.