‘ஃபேமஸ்’ல ‘ஈ’ எங்கே போச்சு?

ஸ்ரீரங்கத்திலிருந்து பேசுகிறேன். இங்கே அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் சாயங்காலத்தில் சில பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். போன வாரம் தமிழ் மீடியத்தில் பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி திருத்திய விடைத்தாளோடு வந்தாள். ‘ஃபேமஸ்’ என்று எழுத, ‘ஃபேம்’ என்பதை அதன் கடைசி ‘ஈ’யோடு அப்படியே வைத்து, ஓ, யு, எஸ் சேர்த்திருந்தாள். சிவப்பு மையில் சுழி. “எனக்கு இங்கிலீஷ் வராது மிஸ்”னு சொன்னா.

“‘அழகு’கூட ‘ஆன’ சேரு”ன்னேன்.

“அழகான.”

“கடைசி உகரம் எங்கே போச்சு?”

சிரிச்சுட்டா.

விஷயம் இதுதான். குற்றியலுகரத்துக்குப் பின் உயிர் வந்தால் உகரம் கெடும். ‘அழகு மயில்’ போல மெய் வந்தால் நிற்கும். ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ஒலிக்காமல் நிற்கும் ‘ஈ’யும் அப்படித்தான். அட்ஜெக்டிவ் ஆக்கும் விகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் ‘ஈ’ போகும்: ஃபேமஸ், நெர்வஸ். மெய்யில் தொடங்கினால் நிற்கும்: ஹோப்ஃபுல், கேர்லெஸ். ‘கரேஜியஸ்’ விதிவிலக்கு. அதில் ‘ஈ’யை எடுத்தால் ‘ஜி’ எழுத்து ‘ஜ’ ஒலியை விட்டு ‘க’ ஆகிவிடும். அதனால் விட்டு வைக்கிறார்கள்.

அடுத்தது இரட்டிப்பு. ‘வீடு’, ‘வீட்டு வாசல்’ ஆகும்போது ட் இரட்டிக்குதில்ல? ‘சன்’, ‘சன்னி’ ஆகும்போது என் இரட்டிக்கும். சின்னச் சொல்லில் ஒரே ஓர் உயிர், அதன்பின் ஒரே ஒரு மெய் இருந்தால்தான் இது. ‘ரெயின்’ சொல்லில் ஏ, ஐ என்று இரண்டு உயிரெழுத்து. ஆகவே ‘ரெயினி’க்கு ஒரே என் போதும்.

மூன்றாவது, கடைசி எழுத்து ‘ஒய்’. அதற்கு முன் மெய் இருந்தால் ‘ஐ’யாக மாறும்: பியூட்டி, பியூட்டிஃபுல். உயிர் இருந்தால் மாறாது: ஜாய், ஜாய்ஃபுல். ‘ஸ்ரீரங்கம்’, ‘ஸ்ரீரங்கத்துக் கோபுரம்’ ஆகும்போது ம் போய் அத்து வருகிற மாதிரிதான். இன்னொன்று: ‘ஃபுல்’ தனிச்சொல்லாக நின்றால் இரண்டு எல், விகுதியாக ஒட்டினால் ஒன்று.

அந்தப் பெண் தினமும் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி வருகிறவள். மறுநாள் வந்ததும் கேட்டாள்: “மிஸ், ‘ஆறு’, ‘ஆற்றுப் பாலம்’ ஆகும்போது ற் இரட்டிக்குதே, அதுவும் ‘சன்னி’ மாதிரியா?”

ஆமாம்மா. இங்கிலீஷ் வராதுன்னு இனிமே சொல்லாதே. சொல்லோடு விகுதி சேர்ந்தால் எழுத்து மாறும் என்பது உனக்கு எப்பவோ தெரியும்.

கேட்கிறவங்களுக்கு ஒரு பயிற்சி: நாய்ஸ், மட், மெர்சி. மூன்றையும் அட்ஜெக்டிவ் ஆக்கி எழுதிப் பாருங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.