தீர்ந்த பேட்டரி தீரவில்லை!

பாட்டுப் பாடிய பொம்மை ஊமையாகி விட்டது. "பேட்டரி தீர்ந்து விட்டது" என்கிறோம். புதியதைப் போடுகிறோம். பழையதை மேஜை மீது வைத்து விடுகிறோம்.

அங்கேதான் ஆபத்து!

காசு போல் வட்டமாக இருக்கும் அந்தப் பேட்டரியில் இன்னும் கொஞ்சம் மின்சாரம் இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் உணவுக் குழாயில் சிக்கிக்கொள்ளலாம். எச்சில் பட்டதும் மின்சாரம் பாயும். கடுமையான காரம் உண்டாகும். 2 மணி நேரத்திலேயே குழாய் வெந்து விடும்!

விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

குப்பையில் போடலாமா?

கூடாது. செல்போன் பேட்டரி குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். மற்ற பேட்டரிகளில் உள்ள உலோகங்கள் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்கும்.

என்ன செய்வது?

பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பிறகு பழைய பேட்டரிகளைச் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு என்று மத்திய அரசு 2022-ல் விதி செய்திருக்கிறது.

இன்றே மேஜை டிராயரைத் திறந்து பாருங்கள். எத்தனை பழைய பேட்டரிகள் கிடக்கின்றன?